சுரங்க வாசல் ரெலிபோன்

என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். சின்ன வயதில் ஜெர்மனிக்கு வந்து இறங்கி, ஆறு மாதத்தில் அப்பா அம்மாவை விட நன்றாக ஜெர்மன் பிடித்து, பத்து வயதிலேயே அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறிப் பெரியவர்களுக்கு வாயாக இருந்தவர்களுக்கு. இப்போது எங்களுக்கு முழங்கால் நோகிறது. வாசிக்கக் கண்ணாடி வேண்டும். எங்கள் பிள்ளைகள் எங்கள் தமிழைக் கேட்டு வாய்க்குள் சிரிக்கிறார்கள். பிறந்தநாள் வீடுகளில் கூடினால் பனியில் சறுக்கி விழுந்த கதை, ஹைமில், அதுதான் அகதி விடுதியில், பன்றி இறைச்சி என்று தெரியாமல் தின்ற கதை என்று மாறி மாறிச் சொல்லிச் சிரிப்போம். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் ஒரு கதையை நான் உங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மா போன வருடம் போய்விட்டார். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கெல்சென்கிர்ச்சன், பேர்லின் என்று தமிழ்ச் சனம் இருந்த இடங்களில் வளர்ந்தீர்கள். கொடுத்து வைத்தவர்கள். எங்களைக் கொண்டுபோய் விட்டது சவுவர்லாண்ட் மலைகளுக்குள் ஒரு பள்ளத்தாக்கில். ஊரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சுரங்கம். தமிழர் என்று பார்த்தால் அப்பா, அம்மா, நான். நாலாவது ஆள் வரவேண்டியிருந்தது.

நாலாவது ஆள் அண்ணா. அப்பா முதலில் வந்தவர், எல்லாரையும் போல பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி. அம்மாவும் நானும் பிறகு வந்தோம். அண்ணா பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனை எடுத்துவிட்டு வரட்டும் என்று எங்கள் சொந்த ஊர் குருநகரில் பெரியப்பா வீட்டில் அவனை விட்டுவிட்டு வந்தோம். "ஆறு மாசம்தானே" என்று அம்மா எல்லாருக்கும் சொன்னார். அந்த ஆறு மாதத்துக்குள் சண்டை திரும்பத் தொடங்கியது, பாதையும் மூடிவிட்டது. அவன் கொழும்புக்கு வந்து சேரவே இரண்டு வருடம் போனது. பிறகு களவாக ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு மொஸ்கோ வரைக்கும் வந்துவிட்டான் என்று தகவல் வந்தது. அங்கிருந்து எப்போது, எந்த வழியால் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் பனிக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி, அவன் எப்போது ரெலிபோன் எடுப்பான் என்பதுதான்.

எங்கள் ஹைம் ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர் தங்கிய விடுதி. சுரங்க வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் நேரே இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் இரண்டு பெரிய சக்கரங்கள். அவை சுழன்றால் கீழே ஆட்கள் இறங்குகிறார்கள், அல்லது கல் மேலே வருகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அலுமாரிக்குள் கோப்பைகள் மெல்லக் கிலுகிலுக்கும். வந்த புதிதில் அம்மா ஷெல் அடிக்கிறார்கள் என்று நினைத்து என்னை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். ஒரு மாதம் போனபின் அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு ஏதோ போல இருக்கும்.

அந்தக் குழியால்தான் அந்த ஊரே உண்டானது. முதலில் மலைச்சரிவில் கையால் தோண்டி இரும்புக்கல் எடுத்தார்களாம். பிறகு கைசர் மன்னர் காலத்தில் நேரே கீழே குழி இறக்கியபோது ஈயமும் துத்தநாகமும் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் தேவாலயத்துக்குக் கோபுரம், பள்ளிக்கூடத்துக்கு மாடி, ஊருக்கு ரயில். எங்கள் காலடியில், பல நூறு மீற்றர் ஆழத்தில், தெருக்களும் பட்டறைகளும் இருந்தன. ஒரு காலத்தில் குதிரை லாயம் கூட இருந்ததாம். எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் இதைச் சொன்ன நாளில் நான் நிலத்தில் காதை வைத்துக் குதிரையைத் தேடினேன். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அப்பாவுக்கு அந்தச் சுரங்கத்தில், தொழிலாளர் குளிக்கும் மண்டபத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. நீங்கள் அப்படி ஒரு மண்டபத்தைக் கண்டிருக்க மாட்டீர்கள். அலுமாரி கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கிலி. வேலைக்காரர் தன் உடுப்பைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்து முகட்டுக்கு ஏற்றிவிட்டு, பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். மேலே இருக்கும் சூட்டில் ஈர உடுப்பு காய்ந்துவிடும். அப்பா என்னை முதன்முதலில் கூட்டிக்கொண்டு போன நாளில் நான் அண்ணாந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான காற்சட்டைகளும் சப்பாத்துகளும் முகட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள்தான் தொங்குகிறார்கள் என்று கத்திவிட்டேன். அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. அந்த மண்டபத்து மணம், ஈரக் கம்பளியும் பச்சைச் சோப்பும் எண்ணெயும் கல்லும் கலந்த மணம், அப்பாவின் கழுத்தில் ஒட்டி வீட்டுக்கும் வரும். இன்று அப்படி ஒரு மணத்தை ஒரு கடையிலும் வாங்க ஏலாது.

அங்கே ஒருவரும் காலை வணக்கம் சொல்வதில்லை. எந்த நேரமும் "கிளுக் அவுஃப்" தான். குழிக்குள் இறங்குகிறவனுக்கு நல்லது கிடைக்கட்டும், நல்லபடியாக மேலே வந்து சேரட்டும் என்ற பொருளில் சொல்கிற வார்த்தை. பேக்கரிக்காரி பாண் தரும்போதும் அதுதான், பாதிரியார் பூசை முடித்து வாசலில் கைகொடுக்கும்போதும் அதுதான். அம்மா அதைச் சரியாகச் சொல்லப் பழகவேயில்லை. தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவார்.

இனி ரெலிபோன். ஹைமில் ஒரு காசுப்பெட்டி ரெலிபோன் இருந்தது. யாரோ குடித்துவிட்டு அதன் குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டான். திருத்தினார்கள், திரும்பப் பிடுங்கினான். அதை நம்பி அண்ணாவுக்கு இலக்கம் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. ஆனால் சுரங்க வாசலில் ஒரு காவல் அறை இருந்தது. அங்கே இரவும் பகலும் ஆள் உண்டு, மேசையில் சாம்பல் நிற ரெலிபோன் உண்டு. பகலில் இருந்தவர் ஒரு கிழவர். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கீழேதான் கழித்தவர். ஒருநாள் கல் சரிந்து இடுப்பு நொறுங்கியபின் வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். சிடுமூஞ்சி. சைக்கிளைத் தவறான இடத்தில் விட்டால் காற்றைத் திறந்துவிடுவார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். கிழவர் நெடுநேரம் பென்சிலால் காதைச் சொறிந்தார்.

"எத்தனை வயது பையனுக்கு?"

"பதினேழு."

"நான் கீழே இறங்கியது பதினாலில்," என்றார். பிறகு ஒரு துண்டில் இலக்கத்தை எழுதித் தந்தார். அவ்வளவுதான்.

ஏஜென்சிக்காரன் தந்த மொஸ்கோ விலாசத்துக்கு அப்பா அன்றே கடிதம் எழுதினார். எழுதி எங்களுக்கும் வாசித்துக் காட்டினார். அப்படி வாசித்தால்தான் ஒன்றும் விடுபடாது என்பது அவருடைய வழக்கம். "பகலிலை எடு. ஒரு வயசான ஆம்பிளை எடுப்பார். அவரிட்டை என்ரை பேரை மட்டும் சொல்லு. அம்மா பக்கத்திலை இருப்பா. வேறை ஆர் எடுத்தாலும் வாய் திறக்காதை. வைச்சிட்டு அடுத்த நாள் எடு."

இப்போது நினைத்தால் ஏன் அந்த விசர் நிபந்தனை என்று கேட்கத் தோன்றுகிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஆனால் அப்பா வந்த இடம் அப்படி. அங்கே யார் கதவைத் தட்டுகிறார்கள், யார் மறுமுனையில் கதைக்கிறார்கள் என்பதில் ஆட்களின் உயிர் தொங்கியது. ஜெர்மன் பொலிஸ் ஒட்டுக்கேட்டுப் பிள்ளையை எல்லையில் பிடித்துவிடும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அந்தக் கடிதத்தை வாசித்தபோது அவருக்குத் தன் கெட்டித்தனத்தில் ஒரு திருப்தியும் இருந்தது. அம்மாவும் தலையை ஆட்டினார்.

அன்று தொடக்கம் அம்மாவின் பகல் எல்லாம் காவல் அறையில். ஒரு முக்காலி, மடியில் ஒரு தட்டம், போஞ்சியோ உருளைக்கிழங்கோ ஏதாவது ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு நானும் அங்கேதான் போவேன். கிழவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்க ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா தமிழில் சொல்வார், அவர் ஜெர்மனில் மறுமொழி சொல்வார், நான் உள்ளே வந்தால் இருவரும் நிறுத்திவிடுவார்கள். அம்மா கொண்டுபோன மீன் ரோல்ஸைத் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய "உறைப்பு, உறைப்பு" என்று ஜெர்மனில் ஏசுவார். அடுத்த ரோல்ஸுக்குக் கையும் நீட்டுவார். மணி அடித்தால் அம்மாவின் கை அப்படியே நிற்கும். கிழவர் குழலைத் தூக்கி, "கிளுக் அவுஃப், ஃபோர்ட்டே!" என்பார். வாசல் என்பதற்கு அதுதான் சொல். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டுவார். அம்மாவின் கை திரும்பக் கிழங்கைச் சீவத் தொடங்கும்.

அந்தக் குரலை நான் அப்படியே பிடித்துவிட்டேன். தொண்டையைச் செருமி, மூக்கால் கொஞ்சம் விட்டு, "கிளுக் அவுஃப், ஃபோர்ட்டே!" வீட்டில் கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு சொல்வேன். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்காது. கெல்சென்கிர்ச்சனில் இருந்து சின்னம்மா குடும்பம் ஒருமுறை வந்தபோது அவர்களுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். "சொல்லிக் காட்டு பாப்பம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ, அசல் ஜெர்மன்காரப் பெட்டைதான்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சின்னம்மாதான் எங்களுக்கு ஒரு வழியும் பார்த்தவர். கெல்சென்கிர்ச்சனுக்கு மாற்றம் கேட்டு ஓர் அந்திராக், அதாவது விண்ணப்பம், போடச் சொன்னார், போட்டோம், எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அது சரிவந்தது. இரண்டு அறை வீடு. தமிழ்ப் பூசை. தமிழ்க் கடை. என் வயதில் சின்னம்மாவின் மகள்மார் இரண்டு பேர். நான் என் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியே விட்டேன். அப்பா அனுமதிக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இப்ப போக ஏலாது."

"ஏன் அத்தான், நல்ல வீடல்லோ," என்றார் சின்னம்மா.

"அவனிட்டை இந்த இலக்கம்தான் இருக்கு. இஞ்சாலை அவன் எடுக்க, நாங்கள் அங்கை இருந்தா?"

"உங்கடை சுரங்கத்தைப் பூட்டப் போறாங்கள் எண்டு கதைக்கினமே."

அப்பா ஜன்னலால் கோபுரத்தைக் காட்டினார். "இதையோ? நூறு வருசத்துக்கு மேலை ஓடுது. இதைப் பூட்டுறதோ?"

அன்றைக்கு நான் அண்ணாவை வெறுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அவனுடைய முகமே எனக்கு மங்கிக்கொண்டு வந்தது. ஒரு படத்தில் வெள்ளைச் சேட்டும் நடுவகிடுமாய் நிற்கிற ஒருவனுக்காக நான் சின்னம்மாவின் மகள்மாரை இழக்க வேண்டியிருந்தது. அவன் வராமலே விட்டால் நல்லது என்று ஒரு பகல் முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு மட்டுமல்ல, கிழவருக்கும் சுரங்கத்தைப் பூட்டமாட்டார்கள் என்ற அதே நம்பிக்கைதான். கடல்கடந்து கப்பலில் வருகிற கல் எங்கள் கல்லை விட மலிவு, உலகச் சந்தையில் விலை விழுந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கிழவர் அந்தப் பக்கத்தால் மேசையைத் துடைத்தார். "கீழே இன்னும் கிடக்கிறது. எனக்குத் தெரியும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்," என்பார். இரண்டு ஆண்களும் ஒரு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, இது இவ்வளவு பெரிது, அதனால் விழாது என்று நினைத்தார்கள். எங்கள் தலைமுறைக்கு அது வேடிக்கையாக இருக்கும். நாங்கள் எத்தனை விழுந்ததைப் பார்த்துவிட்டோம்.

நத்தார் பண்டிகைக்கு முன், சுரங்கத்தைப் பூட்டுகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பங்குனியில் கடைசிக் கல் வண்டி.

அதற்குப் பிறகு குளிக்கும் மண்டபத்தில் சங்கிலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்பா வேலையால் வந்து எத்தனை கொக்கி வெறுமனே தொங்குகிறது என்று சொல்வார். மொஸ்கோ விலாசத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார், சின்னம்மாவின் இலக்கத்தைப் போட்டு. மறுமொழி வரவில்லை. மூன்றாவதும் எழுதினார். அதற்கும் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா, அவன் அங்கேதான் இருக்கிறானா என்று தெரிய ஒரு வழியும் இல்லை. முதல் கடிதத்துக்கு மட்டும்தான் கிடைத்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தான்; ஆகவே அவன் கையில் இருந்தது என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தப் பழைய இலக்கம் மட்டும்தான். கடைசி வண்டிக்குப் பிறகு இரண்டு கிழமையில் வாசல் ரெலிபோனை வெட்டிவிடுவார்கள் என்று கிழவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை.

அம்மா அப்போது கடவுளிடம் போனார். எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், தொலைந்ததற்கெல்லாம் அந்தோனியார்தான். அவருக்கு மூன்று தரம் ஒன்பது நாள் செபம் சொல்லி முடித்திருந்தார். "அந்தோனியாருக்கு இந்தக் குளிர் ஒத்துவரேல்லைப் போலை," என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். சுரங்கக்காரர்களுக்கு ஒரு புனிதவதி உண்டு, பார்பரம்மா. அவருடைய மரச் சுரூபம் குழியின் அடியில், பாறையைக் குடைந்த மாடத்தில் விளக்கோடு இருந்தது. அம்மா அவருக்கு நேத்தி வைத்தார். மகனைக் கொண்டுவந்து விட்டால் தன் கல்யாணத் தோட்டைக் கழற்றிக் காலடியில் வைப்பேன் என்று. ஆனால் பெண்களைக் கீழே இறங்க விடமாட்டார்கள். கண்ணால் காணாத ஒரு புனிதவதியிடம் அம்மா தினமும் நிலத்தைப் பார்த்தே செபம் சொன்னார்.

கடைசி வண்டி வந்த நாள் வெயிலும் இல்லை, பனியும் இல்லை. ஊர் முழுக்க முற்றத்தில் நின்றது. கறுப்புச் சீருடையும் தொப்பியில் இறகும் வைத்த ஆட்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். பாண்ட் வாத்தியம். நான் அந்த ஊரில் ஆண்கள் அழுததை அன்றுதான் கண்டேன். பேக்கரிக்காரியின் புருஷன் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். கிழவரும் கறுப்புச் சீருடை போட்டிருந்தார். தைத்த காலத்தில் பொருத்தமாக இருந்திருக்கும், இப்போது தோள் இரண்டும் தொங்கியது. யாரோ வந்து வரிசையில் நிற்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் ரெலிபோனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"பத்து நிமிடம்," என்றார் என்னிடம். "மணி அடித்தால் அம்மாவை ஓடிவந்து என்னைக் கூப்பிடச் சொல்லு. நான் வந்து எடுக்கிறேன்."

அவர் நொண்டி நொண்டிப் போனார். அம்மாவும் நானும் அறைக்குள் இருந்தோம். சக்கரங்கள் சுழன்றன. கல் நிரம்பிய வண்டி, பைன் கொப்பு கட்டி, வெளியே வந்தது. கைதட்டினார்கள். சக்கரங்கள் இன்னொருமுறை சுழன்றன. இந்த முறை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது பார்பரம்மாவை. இவ்வளவு காலமும் கீழே இருந்தவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முகமெல்லாம் புகை படிந்து கறுத்துப்போய், கிட்டத்தட்ட எங்கள் நிறம்.

அம்மா எழும்பிவிட்டார். கை காதுத் தோட்டில் இருந்தது.

"பிள்ளை, நான் ஒருக்கா தொட்டுக் கும்பிட்டிட்டு ஓடிவாறன். அடிச்சா கத்திக் கூப்பிடு. எடுக்காதை, என்ன?"

"ஓம்."

அம்மா சனத்துக்குள் புகுந்து மறைந்தார். மகனுக்காகக் கும்பிடத்தான் போனார். மணி அப்போதுதான் அடித்தது.

நான் வாசலுக்கு ஓடி "அம்மா!" என்று கத்தினேன். பாண்ட் காதைப் பிளந்துகொண்டிருந்தது. முற்றம் நிறைய முதுகுகள். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது மணியில் நான் திரும்பி ஓடிவந்தேன். ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நின்றுவிடும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. அந்தக் குழலைக் கையில் எடுத்து, மெய்யான ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க எனக்கு எவ்வளவு நாளாக ஆசை இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"கிளுக் அவுஃப், ஃபோர்ட்டே!" என்றேன்.

மறுமுனையில் இரைச்சல். அதற்குப் பின்னால் ஒரு மூச்சு. யாரோ இருக்கிறார்கள்.

"யார் கதைப்பது, தயவுசெய்து?" என்று கேட்டேன். ஜெர்மனில். கிழவர் கேட்பது போலவே, கொஞ்சம் அதட்டலாக.

மூச்சு நின்றது. பிறகு டக் என்று ஒரு சத்தம். பிறகு நீளமான ஊதல்.

ஒரு சொல் போதும். அண்ணா என்று ஒரு சொல், அதுவும் வேண்டாம், ஹலோ ஆர் என்று கேட்டிருந்தாலே போதும். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் கதைத்த எனக்கு அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. நாற்பது செக்கன் கூட இருக்காது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் அந்தக் குழலைக் காதில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அம்மா மூச்சு வாங்க வந்தார். ஒரு காதில் தோடு இல்லை. நேத்தியை முன்கூட்டியே பாதி கொடுத்துவிட்டார்.

"ஆரும் எடுத்தவையோ?"

"இல்லை," என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து தட்டத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமையும் அம்மா அசையவில்லை. கிழவர் யாரிடமோ கெஞ்சி மேலதிகமாக மூன்று நாள் வாங்கினார். ரெலிபோன் அடிக்கவேயில்லை. மூன்றாம் நாள் ஒரு இளைஞன் வந்து கம்பியைக் கழற்றினான். கிழவர் அம்மாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை.

பிறகு குழியை நிரப்பத் தொடங்கினார்கள். கிழமைக் கணக்காக லொறிகள் வந்தன. கல்லைக் கொட்டினால் சத்தம் உடனே வராது. எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். போகப் போக எண்ணிக்கை குறைந்தது. ஒருநாள் கொட்டிய உடனேயே சத்தம் கேட்டது. கோபுரத்தை நெருப்பால் வெட்டி ஒரே பகலில் சாய்த்தார்கள். அப்பா அதைப் பார்க்க வரவில்லை, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எங்கள் கோப்பைகள் அதற்குப் பிறகு கிலுகிலுக்கவில்லை. அவனுக்கு விலாசமாவது தெரியும், வந்தால் இங்கேதான் வருவான் என்று அப்பா இன்னும் ஒரு பனிக்காலம் எங்களை அங்கேயே வைத்திருந்தார். வேலை இல்லை, ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பிறகுதான் கெல்சென்கிர்ச்சனுக்குப் போனோம்.

சில வருடங்களுக்கு முன் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். குழி இருந்த இடத்தில் சீமெந்துத் தட்டு ஒன்று, நடுவில் ஒரு குழாய். பக்கத்தில் வாங்கு போட்டிருக்கிறார்கள். மலையேற வந்த ஒரு சோடி அதில் உட்கார்ந்து முட்டை உரித்துச் சாப்பிட்டது. தகவல் பலகையில் எவ்வளவு கல் எடுத்தார்கள், எவ்வளவு ஆழம் என்றெல்லாம் இருந்தது. காவல் அறை நின்ற இடத்தில் புல் முளைத்திருந்தது. நான் அதில் போய் நின்றேன். எனக்கு அந்த ஊர் பிடிக்காது என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தவள், திரும்பி வர மனமில்லாமல் பின்னேரம் வரைக்கும் நின்றேன்.

அண்ணா வந்தான். அந்த மணி அடித்து நாலு வருடத்துக்குப் பிறகு, வேறொரு ஏஜென்சிக்காரனோடு, வேறொரு வழியால். உக்ரைனில் மறியலில் அடைபட்டுக் கிடந்திருக்கிறான், காட்டில் மரம் வெட்டியிருக்கிறான். இடக்கையில் இரண்டு விரல் நுனிகளைக் குளிர் தின்றுவிட்டது. படத்தில் இருந்த நடுவகிட்டுப் பையனை அனுப்பச் சொல்லித்தான் நாங்கள் கேட்டிருந்தோம். வந்தது முன்தலை ஏறிய, கதைக்க விரும்பாத ஓர் ஆள். அம்மா அவனைப் பிள்ளை என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துப் பிந்தித்தான் திரும்பினான்.

அவன் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டோம். அம்மா மீன் பொரித்து, சொதி வைத்திருந்தார். அப்பா கேட்டார், குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, சும்மா கேட்கிற மாதிரி.

"அந்தச் சுரங்கத்து இலக்கத்துக்கு ஒருக்கா எண்டாலும் எடுத்துப் பாத்திருக்கலாமே, தம்பி."

அண்ணா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "எடுத்தனான். ஒருக்கா. ஒரு ஜெர்மன்காரப் பெட்டை எடுத்தது. பின்னாலை பாண்ட் அடிச்சுக் கேட்டது. நீங்கள் எழுதின கிழவர் இல்லையெண்டு வைச்சிட்டன். அடுத்த நாள் எடுப்பமெண்டு இருக்க, அண்டைக்கு இரவே எங்களை வேறை இடத்துக்கு ஏத்திப் போட்டாங்கள்."

அப்பாவின் கை சோற்றுக் கோப்பைக்கும் வாய்க்கும் இடையில் நின்றது. "நான்தான் அப்பிடி எழுதினனான்," என்றார் மெல்ல. "வேறை ஆர் எடுத்தாலும் வையெண்டு நான்தான் எழுதினனான்." அவருக்கு அது மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. பாண்ட் அடித்தது ஒரே ஒரு நாள். அந்த நாளில் அந்த அறையில் யார் இருந்தது என்று தெரிந்தவர் அந்த மேசையில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தார். ஆரும் எடுத்தவையோ என்று அம்மா என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கேட்டார், அதற்குப் பிறகு நாலு வருடத்தில் ஒரு தரமும் கேட்கவில்லை. அண்ணா சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியவந்தது என்று நான் நினைத்தது அரைச் செக்கன்தான்; அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

அம்மா மீன் தட்டத்தை எடுத்தார். அண்ணாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நடுத்துண்டு அதில் இருந்தது.

"ஓம்," என்றார் அண்ணாவிடம். "அங்கை ஒரு பெட்டை இருந்தது. கெட்டிக்காரப் பெட்டை. அதுக்கென்ன தெரியும், பாவம், சின்னப்பிள்ளை. நான்தான் அதைத் தனிய விட்டிட்டுப் போனனான்."

அந்தத் துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"சாப்பிடு பிள்ளை. ஆறுது."